மழை மாதத்தில் அரிட்டாபட்டி: இரண்டு மலைகளுக்கு நடுவில் நான் பட்ட பாடு

ஐப்பசி, கார்த்திகையில் அரிட்டாபட்டிக்குப் போய், அங்கிருந்து வயல்வெளி வழியாகவே மீனாட்சிபுரம் மலை வரை நடந்துவிடலாம் என்று யாராவது திட்டம் போட்டிருந்தால், கிளம்புவதற்கு முன் இதை ஒரு தடவை படித்துவிடுங்கள். போவதற்கு முன்னால் நானும் நிறையத் தேடினேன். கல்வெட்டு வாசகங்கள் கிடைத்தன, சிற்பங்களின் படங்கள் கிடைத்தன, எது எந்த நூற்றாண்டு என்ற விவாதங்கள்கூடக் கிடைத்தன. இரண்டு மலைகளுக்கும் நடுவில் இருக்கிற தரை மழைக்காலத்தில் எப்படி இருக்கும் என்று மட்டும் ஒருவரும் எழுதியிருக்கவில்லை. அந்தத் தரைதான் ஒரு சாயங்காலம் முழுக்க என்னை அழவைத்தது.

மதுரையிலிருந்து மேலூர் போகும் சாலையில், நரசிங்கம்பட்டிக்குப் பக்கத்தில் பிரிந்து உள்ளே போனால் அரிட்டாபட்டி. சுற்றிலும் மொட்டைப் பாறை மலைகள், நடுவே கண்மாய்களும் வயல்களும். 2022 நவம்பரில் தமிழக அரசு அரிட்டாபட்டியையும் மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 193.42 ஹெக்டேர் நிலத்தைப் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. தமிழ்நாட்டிலேயே முதல் தலம் அதுதான். லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, ராஜாளி என்று 250 வகைப் பறவைகளைக் கணக்கெடுத்திருக்கிறார்கள். தேவாங்கும் அலங்கு என்கிற எறும்புத்தின்னியும் மலைப்பாம்பும் இருக்கின்றன. அதே அறிவிப்பில், இந்தப் பகுதியில் 72 ஏரிகளும் 200 இயற்கைச் சுனைகளும் 3 தடுப்பணைகளும் இருப்பதாகவும் சொல்லியிருக்கிறார்கள். நடந்து போகிறவர்கள் கவனிக்க வேண்டிய தகவல் இதுதான். மேலே இருக்கும் கண்மாய் நிறைந்தால் கலிங்கு என்கிற வடிகால் வழியாக மறுகால், அதாவது மிஞ்சிய தண்ணீர், பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகும், அது நிறைந்தால் அதற்கடுத்தது. பாண்டியர் காலத்திலிருந்தே இந்த ஏற்பாடு இப்படித்தான். இங்கே இருக்கும் ஆனைகொண்டான் ஏரி 16ஆம் நூற்றாண்டில் கட்டியது. கோடையில் ஆடு போகிற, மாட்டுவண்டி போகிற தாழ்வான தடங்களில் பலவும் மழைக்காலத்தில் இந்தத் தண்ணீர் போகிற வழிகள். கைப்பேசி வரைபடத்துக்கு இது தெரியாது. செயற்கைக்கோள் படம் எடுத்த நாளில் தரை காய்ந்திருந்தால் அதைப் பாதை என்றே காட்டும்.

கூட வருவதாக இருந்த தோழிக்குக் காய்ச்சல். அலுவலகத்தில் விடுப்பு போட்டாகிவிட்டது, அதனால் தனியாகவே கிளம்பினேன். முந்தைய இரவு நல்ல மழை. காலையில் வானம் வெளுத்து, வெயிலும் வந்திருந்தது. முதலில் குடைவரைச் சிவன் கோயிலுக்குப் போனேன். ஊரில் இதை இடைச்சி மண்டபம் என்கிறார்கள். முற்காலப் பாண்டியர் குடைந்தது, 7 அல்லது 8ஆம் நூற்றாண்டு என்கிறார்கள். வெளிச் சுவரில் பிள்ளையாரோடு லகுலீசர் உட்கார்ந்திருக்கிறார். பாசுபதம் என்ற பழைய சைவப் பிரிவின் குருவான லகுலீசருக்குத் தமிழ்நாட்டில் சிற்பங்கள் மிகக் குறைவு. அதற்காகவே அந்த இடத்தில் நிறைய நேரம் நின்றேன். ஊருக்குள் வரும்போது ஒரு பெரியவர் நிறுத்தி, யார், எங்கேயிருந்து வருகிறாய், எதற்கு என்று கேட்டார். டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்ட செய்தி 2024 நவம்பரில் வந்ததிலிருந்து அந்த ஊர்கள் பட்ட கவலையும், போராடிப் போராடி 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்ததும் நமக்குத் தெரியும். முன்பின் தெரியாதவர் கையில் கேமராவோடு மலைப்பக்கம் நடந்தால் அவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். பொறுமையாகப் பதில் சொல்லுங்கள். அந்தப் பேச்சிலேயே, எந்தக் கண்மாய் நிறைந்திருக்கிறது, எங்கே மறுகால் போகிறது என்றும் கேட்டுவிடுங்கள். என் சிரமத்தையெல்லாம் அந்த ஒரு கேள்வி மிச்சப்படுத்தியிருக்கும். அதைக் கேட்க வேண்டும் என்று எனக்குச் சொல்லித்தர யாரும் இல்லை.

அப்புறம் கழிஞ்சமலையில் இருக்கும் சமணர் குகைக்கு ஏறினேன். ஒரு பக்கம் பாறையில் தீர்த்தங்கரர் புடைப்புச் சிற்பம், அதன் கீழே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் ஒரு கல்வெட்டு. இந்த மலையைத் திருப்பிணையன்மலை என்று சொல்லி, அச்சணந்தி என்ற சமணத் துறவி செய்வித்த திருமேனி என்கிறது அது. குகையின் நெற்றியில் அதைவிடப் பல நூற்றாண்டு முந்தைய தமிழ்ப் பிராமி எழுத்துகள் இருக்கின்றன. நெல்வேலியைச் சேர்ந்த சிழிவன் அதினன் வெளியன் என்பவர் இந்தக் குகையைச் செய்வித்ததை ஒரு கல்வெட்டு சொல்கிறது. இன்னொன்று இலஞ்சி வேள் மாப்பரவன் மகன் எமயவனுடையது. 2,000 வருடங்களுக்கு முன்னால் வாழ்ந்த ஒரு மகனின் பெயரும் அப்பாவின் பெயரும் சேர்ந்தே அங்கே இருப்பதைப் பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

அங்கே நிற்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. அந்த நாளில் எனக்குக் கிடைத்த பெரிய பாக்கியம் அந்த மழைதான். இந்த மாதிரிக் குகைகளில், பாறை நெற்றியின் குறுக்கே ஒரு காடி, அதாவது நீளமான பள்ளக்கோடு, வெட்டியிருப்பார்கள். படித்திருக்கிறேன், படத்திலும் பார்த்திருக்கிறேன். அது வேலை செய்வதை அன்றைக்குத்தான் பார்த்தேன். மழை வலுத்ததும் மேலே பாறை முழுவதிலிருந்தும் தண்ணீர் திரண்டு சரிந்தது. காடி வரைக்கும் கல்லை ஒட்டியே வழிந்தது, அந்த விளிம்புக்கு வந்ததும் கல்லை விட்டுவிட்டு நேராகக் கீழே விழுந்தது. என் முகத்துக்கு ஒரு முழம் முன்னால் வரிசையாகத் தண்ணீர் இழைகள், என் காலடியில் உலர்ந்த தரை. காடியில் ஓரிடத்தில் கல் சிதைந்திருந்தது. அந்த இடத்தில் மட்டும் தண்ணீர் விளிம்பைத் தாண்டி உள்பக்கமாக நழுவி, கூரையில் ஈரக் கோடாக இறங்கியது. அந்தச் சின்னச் சிதைவு ஒன்றை வைத்தே, மற்ற இடமெல்லாம் எவ்வளவு நுணுக்கமாக வெட்டியிருக்கிறார்கள் என்று புரிந்தது. மழை எப்படி வரும், எங்கே திரும்பும் என்று தெரிந்த ஒரு கல்தச்சர் உளி பிடித்திருக்கிறார்.

மழை விட்ட உடனே இறங்காதீர்கள். நான் காத்திருந்துதான் இறங்கினேன், அப்படியும் வழுக்கியது. இந்தப் பாறைகளில் மேலிருந்து கீழாகக் கறுப்புக் கோடுகள் ஓடும். வழக்கமாகத் தண்ணீர் வழிந்து பாசி படிந்த தடங்கள் அவை. காய்ந்திருக்கும்போது ஒன்றும் செய்யாது, நனைந்தால் எந்தச் செருப்பும் நிற்காது. வெளிறிய, சொரசொரப்பான இடமாகப் பார்த்துக் கால் வையுங்கள். சரிவு அதிகமான இடத்தில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் பின்னால் ஊன்றி நகர்ந்து இறங்குவதுதான் பத்திரம். பாறை மேல் இருக்கும் சுனைகளின் ஓரத்துக்கும் போக வேண்டாம். ஆழம் தெரியாது, விளிம்பு முழுக்கப் பாசி.

கீழே இறங்கியபோது மதியம் தாண்டியிருந்தது. மீனாட்சிபுரம் மலை கண்ணுக்கு எதிரே தெரிந்தது. அங்கேதான் மாங்குளம் கல்வெட்டுகள் இருக்கின்றன. 1882இல் ராபர்ட் சுவெல் கண்டுபிடித்தவை. அவை தமிழ்தான் என்று கே.வி. சுப்பிரமணிய ஐயர் 1924இல் எடுத்துச் சொன்னார். கணி நந்தன் என்ற துறவிக்கு பாண்டிய மன்னன் நெடுஞ்செழியனின் அதிகாரி செய்துகொடுத்த பள்ளியை, அதாவது துறவிகள் தங்கும் இடத்தை, பற்றிய கல்வெட்டும், வெள்ளறை என்ற ஊரின் வணிகர் குழு கொடுத்த கொடையும் அங்கே இருக்கின்றன. பல வருடமாகப் பார்க்க ஆசைப்பட்ட எழுத்துகள். சாலை வழியாகச் சுற்றிப் போனால் பேருந்துக்குக் காத்திருக்க வேண்டும். வரைபடத்தில் வயல் நடுவே ஒரு தடம் நேராகப் போனது. நடந்தேன்.

முதலில் வரப்புகள். பார்க்க எல்லா வரப்பும் ஒரே மாதிரிதான் இருக்கும். புல் மூடியிருக்கிற பழைய வரப்பு ஆளைத் தாங்கும். நடவுக்கு முன்னால் ஓரத்தை வெட்டி, சேறு பூசி மழமழவென்று வைத்திருக்கிற வரப்பில் கால் வைத்தால் அப்படியே சரிந்து வயலுக்குள் போகும். அந்த வரப்பை அப்படிப் பூச ஒருவர் இடுப்பொடிய வேலை செய்திருப்பார். நாம் மிதித்து உடைத்தால் வயலின் தண்ணீர் வடிந்துவிடும். என் காலில் ஓரிடம் உடைந்தபோது குனிந்து கையால் மண்ணை அள்ளி அடைத்துவிட்டுத்தான் நகர்ந்தேன். தொளி அடித்த, அதாவது சேறாக உழுது வைத்த, வயலில் மறந்தும் இறங்காதீர்கள். மேலே நாலு விரல் தண்ணீர்தான் தெரியும், உள்ளே முழங்கால் வரைக்கும் கூழ். அதோடு சுடிதார் போட்டு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன், அகலமான பேன்ட் சேற்றில் நனைந்தால் ஒவ்வொரு காலிலும் கல்லைக் கட்டிவிட்ட மாதிரி இழுக்கும். கணுக்காலோடு ஒட்டுகிற, சீக்கிரம் உலரும் துணியாகப் போடுங்கள். துப்பட்டாவை மட்டும் விட்டுவிட்டு வராதீர்கள், எனக்கு அது உதவியது.

வயல் முடிந்து ஒரு தாழ்வான இடம் வந்தது. வரைபடத்தின் தடம் அதைக் குறுக்கே கடந்து எதிர்ப்பக்கம் ஏறியது. அதில் கலங்கல் தண்ணீர் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது, அகலம் ஒரு ஆள் படுக்கிற அளவுதான். இரண்டு எட்டு வைத்தேன், மூன்றாவது எட்டில் வலது கால் தொடை வரைக்கும் இறங்கியது. அதை இழுக்க இடது காலை ஊன்றினேன், அதுவும் போனது. கண்மாய்க்கு வந்து சேரும் வண்டல் வருடக்கணக்காகப் படிந்த இடம் அது. மேலே தண்ணீர், அதன் கீழே பிடிமானமே இல்லாத சேறு. கையிலிருந்த கைப்பேசி நழுவித் தண்ணீருக்குள் விழுந்தது. தேடி எடுப்பதற்குள் திரை அணைந்துவிட்டது. பயம் என்றால் என்ன என்று எனக்கு அந்த நிமிடம்தான் தெரிந்தது. கண்ணுக்கெட்டிய வரை ஆள் இல்லை. கத்தினேன். பாறையில் மோதி என் குரலே திரும்பி வந்தது. எங்கேயோ மயில் அகவியது. அம்மாவிடம் கோயிலுக்குப் போகிறேன் என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன், என்னை எங்கே வந்து தேடுவார்கள் என்று நினைத்து அழுதேன்.

இந்த மாதிரிச் சேற்றில் மாட்டினால் நேராக மேலே இழுக்கவே கூடாது. காலுக்கு அடியில் வெற்றிடம் உண்டாகி, இழுக்க இழுக்க அது நம்மைப் பிடித்துக்கொள்ளும். உடம்பைச் சாய்த்து, எடையைப் பரப்பி, பாதத்தை உள்ளுக்குள்ளேயே சின்னச் சின்னதாக ஆட்ட வேண்டும். ஆட்ட ஆட்ட காலைச் சுற்றித் தண்ணீர் இறங்கும், பிடி தளரும். பதறாமல் ஒவ்வொரு காலாக எடுக்கலாம். பையை முன்னால் போட்டு அதன் மேல் நெஞ்சைச் சாய்த்து, அப்படித்தான் வெளியே வந்தேன். செருப்பு உள்ளேயே போய்விட்டது. கரையில் இருந்த கோரையைப் பிடித்தபோது வேரோடு கையில் வந்தது. பக்கத்தில் ஒரு வடலி, இளம் பனை, நின்றது. அதன் மட்டையைப் பிடித்துத்தான் ஏறினேன், மட்டையின் ரம்பப் பல் போன்ற கருக்கு உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. துப்பட்டாவைக் கையில் சுற்றிக்கொண்டேன். ஏறும்போது கணுக்காலும் பிசகியிருந்தது, அந்தப் பதற்றத்தில் வலி தெரியவில்லை.

அதற்கப்புறம் வெறுங்காலோடு, நொண்டிக்கொண்டு, சீமைக்கருவேல முள்ளுக்கு நடுவே நடந்தேன். கார்த்திகையில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும், மலை ஓரத்தில் அதற்கும் முன்னாலேயே. மழை பெய்த மாலையில் வரப்பில் விரியன் படுத்திருக்கும் என்ற நினைப்பு ஒரு பக்கம். கடைசியில், ஆடுகளை ஓட்டிக்கொண்டு கண்மாய்க் கரை மேலே போய்க்கொண்டிருந்த ஒரு பாட்டிதான் என்னைப் பார்த்தார். "ஆத்தி, என்ன தாயி இப்படி வந்து நிக்கிற? அங்கிட்டுப் போகாத, அது ஓடை. கரையப் பிடிச்சு மேல வா" என்று சத்தம் போட்டார். மேலே ஏறியதும் தன் கேனில் இருந்த குடிதண்ணீரை முழுக்க என் கையிலும் காலிலும் ஊற்றினார். "மறுகால் போகையில நாங்களே கரை மேலதான் போவோம்" என்றார். அவருடைய பேரன் வண்டியில் கொண்டுவந்து பெரிய சாலையில் விட்டான். பணம் கொடுத்தேன், இரண்டு பேரும் வாங்க மறுத்துவிட்டார்கள்.

மழைக்காலத்தில் அங்கே நடந்தே ஆக வேண்டும் என்றால் கண்மாய்க் கரைதான் வழி. தூரம் கூடும், ஆனால் கரை உயரமானது, கெட்டிப்பட்டது, மனிதர்கள் நடமாடுவது. கலிங்கில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தால் அதைக் கடக்க வேண்டாம், வந்த வழியே திரும்பிவிடுங்கள். கையில் ஒரு நீளமான கம்பு இருக்கட்டும். தண்ணீர் தெரிகிற இடத்தில் கம்பை ஊன்றிப் பார்த்துவிட்டுத்தான் கால். பின்னால் வார் போட்டு இறுக்குகிற செருப்பே சேற்றுக்கு நல்லது. ஷூ சேறு குடித்துக் கனக்கும், ரப்பர் செருப்பு கழன்று போகும், அதன் அடியில் கருவேல முள்ளும் சுலபமாக ஏறும். மதியம் மூன்று மணிக்கு மேல் புது வழியில் இறங்காதீர்கள். எந்த ஊரில் இறங்கி எந்த ஊருக்கு நடக்கிறீர்கள் என்று வீட்டில் ஒருவருக்காவது ஊர்ப்பெயரோடு சொல்லிவிடுங்கள்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். அந்த நிலைமையில் பேருந்தில் ஏற முடியவில்லை, மதுரைக்கு ஆட்டோ 900 ரூபாய். எக்ஸ்ரே, டி.டி. ஊசி, கட்டு, மாத்திரை எல்லாம் 2,350. கைப்பேசியைச் சரிசெய்ய முடியாது என்று சொல்லிவிட்டார்கள், புதிதாக வாங்கியது 13,999. ஆக 17,000 ரூபாய்க்கு மேல். போதாததற்குச் சம்பளமில்லா விடுப்பு வேறு. பணத்தைவிட என்னை அதிகம் வாட்டியது காலையில் எடுத்த படங்கள் போனதுதான். தண்ணீரில் விழுந்த கைப்பேசியை உடனே அணைத்துவிட வேண்டும், வேலை செய்கிறதா என்று திரும்பத் திரும்ப அழுத்திப் பார்க்கக் கூடாது, சார்ஜ் போடவே கூடாது. அரிசிப் பானையில் புதைப்பதாலும் பயனில்லை, தூசிதான் உள்ளே போகும். எல்லாவற்றுக்கும் முன்னால், நல்ல ஜிப் உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். அந்த உறைக்கு ஆகிற செலவு ஒன்றுமே இல்லை.

இன்னொன்று இதையெல்லாம் விட முக்கியம். கொஞ்ச நாள் கழித்து எனக்குக் காய்ச்சல் வந்தது. கெண்டைக்கால் தசை தொட முடியாத வலி, கண் சிவப்பு. முதலில் பார்த்த இடத்தில் ஒன்றும் கேட்காமல் காய்ச்சல் மாத்திரை எழுதி அனுப்பிவிட்டார்கள். எனக்குக் கோபம் இன்னும் அடங்கவில்லை. இரண்டாவதாகப் பார்த்த டாக்டர்தான், வயல் தண்ணீரில் இறங்கினீர்களா, அப்போது உடம்பில் காயம் இருந்ததா என்று கேட்டார். எலிக்காய்ச்சலாக இருக்கலாம் என்று ரத்தப் பரிசோதனை செய்து அன்றைக்கே மாத்திரை தொடங்கினார், குணமானது. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரும் சேறும் காயத்தில் பட்டால் அந்தக் கிருமி உள்ளே போகும், ஒன்றிரண்டு வாரம் கழித்துக்கூடக் காய்ச்சலாக வரும். கவனிக்காமல் விட்டால் சிறுநீரகம், கல்லீரல் வரைக்கும் பாதிக்கும். அதனால் சேற்றில் இறங்கிவிட்டு வந்து காய்ச்சல் கண்டால், டாக்டர் கேட்கும் வரை காத்திருக்காமல் நீங்களே முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள். இரவானாலும் பாம்புக்கடி என்று சந்தேகம் வந்தால் கட்டுப் போடுவதும் கீறுவதும் வேண்டாம், கடிபட்ட காலை அசைக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

மாங்குளம் கல்வெட்டுகளை மாசி மாதத்தில் போய்ப் பார்த்தேன், இந்த முறை தோழியும் வந்தாள். அரிட்டாபட்டியிலிருந்து குறுக்கே நடக்காமல் மீனாட்சிபுரம் ஊருக்கே நேராகப் போய் ஏறினோம். அறுவடை முடிந்த வயல்களில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. நான் மாட்டிய தாழ்வான இடத்தை மேலிருந்து தேடிப் பார்த்தேன். அங்கே மாட்டுவண்டித் தடம் ஒன்று காய்ந்து வெடித்துக் கிடந்தது, வரைபடத்தில் இருந்தபடியே. நெடுஞ்செழியன் பெயர் இருக்கிற எழுத்துகள் பெரிதாக, ஆழமாக வெட்டப்பட்டிருக்கின்றன, சாய்வாக வெயில் விழும்போது நன்றாகப் படிக்கலாம். சுண்ணாம்போ மாவோ தடவிப் படம் எடுக்க வேண்டாம், கல் கெட்டுவிடும். காலையில் சீக்கிரமே ஏறிவிடுங்கள். பதினொரு மணிக்கு மேல் பாறை சுட ஆரம்பிக்கும், மேலே குடிக்கத் தண்ணீர் கிடைக்காது, ஆளுக்கு இரண்டு லிட்டராவது கொண்டுபோக வேண்டும்.